மூன்று ரூட்டர், மூன்று சப்நெட்: குடோனிலிருந்து ஆபீஸ் கிடைக்கிறது, ஆபீஸிலிருந்து குடோன் கிடைக்கவில்லை

பட்டறை_திருப்பூர்:

வணக்கம். எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. முன்பக்கம் ஆபீஸ், மாடியில் தையல் பகுதி, பின்சந்தில் குடோன். மூன்று இடத்திலும் ஆளுக்கொரு ரூட்டர் இருக்கிறது, மூன்றையும் ஒன்றோடொன்று பேசவைக்க ஸ்டாட்டிக் ரூட் (எந்த முகவரிக்கு எந்த வழி என்று கையால் எழுதும் வரி) போட்டுக்கொண்டிருக்கிறேன், பாதி வேலை செய்கிறது பாதி செய்யவில்லை.

கேபிள் போன விதம் இது. ஆபீஸில் இருப்பது இன்டர்நெட் இணைப்போடு வந்த பெட்டி, 192.168.1.1. அதன் லேன் (உள்பக்க) போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் மாடிக்கு ஏறி அங்கே இருக்கும் ரூட்டரின் வேன் (வெளிப்பக்க) போர்ட்டில் நிற்கிறது. மாடி ரூட்டருக்கு வேன் பக்கம் 192.168.1.2, லேன் பக்கம் 192.168.2.1. மாடி ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இன்னொரு கேபிள் சந்தைத் தாண்டி குடோன் ரூட்டரின் வேன் போர்ட்டுக்குப் போகிறது, அதற்கு வேன் 192.168.2.3, லேன் 192.168.3.1. மாடியிலும் குடோனிலும் இருப்பவற்றில் ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச மென்பொருள்) போட்டிருக்கிறேன். எல்லாமே 255.255.255.0 மாஸ்க்தான், அதாவது முதல் மூன்று எண் ஒன்றாக இருப்பவை ஒரே சப்நெட்.

குடோன் கம்ப்யூட்டரிலிருந்து ஆபீஸில் இருக்கும் டேலி கம்ப்யூட்டர் (192.168.1.20) தாராளமாகத் திறக்கிறது. ஆனால் ஆபீஸிலிருந்து மாடியில் இருக்கும் பார்கோடு பிரின்டரும் (192.168.2.40) குடோன் டிவிஆரும் (கேமரா பதிவுப் பெட்டி, 192.168.3.50) கிடைக்கவில்லை. ஆபீஸ் பெட்டியில் இரண்டு ரூட் போட்டுப் பார்த்தேன். 192.168.2.0-க்கு கேட்வே (அடுத்து அனுப்ப வேண்டிய ரூட்டர்) 192.168.1.2 என்று கொடுத்ததை ஏற்றுக்கொண்டது. 192.168.3.0-க்கு கேட்வே 192.168.2.3 என்று கொடுத்தால் கேட்வே செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. இன்னொரு விசித்திரம், ஆபீஸிலிருந்து 192.168.2.1-க்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனை) அடித்தால் பதில் வருகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் பிரின்டருக்கு அடித்தால் "192.168.1.2-இலிருந்து பதில்: டெஸ்டினேஷன் போர்ட் அன்ரீச்சபிள்" என்று வருகிறது. ரூட் சரியாக இருப்பதால்தானே 2.1 வரைக்கும் போகிறது, அப்புறம் ஏன் பிரின்டருக்குப் போக மாட்டேன் என்கிறது?

—

கேபிள்_கோவை:

சார், இவ்வளவு சிறிய இடத்துக்கு மூன்று சப்நெட் எதற்கு? மாடியிலும் குடோனிலும் இருப்பதை ஏபி மோடில் (வெறும் வைஃபை, ஸ்விட்ச் மாதிரி) போடுங்கள், இரண்டிலும் டிஎச்சிபியை (தானாக ஐபி கொடுப்பதை) நிறுத்திவிடுங்கள், கேபிளை வேன் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட்டில் செருகுங்கள். எல்லாம் 192.168.1-இல் வந்துவிடும், ரூட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

—

பட்டறை_திருப்பூர்:

முன்பு அப்படித்தான் இருந்ததுங்க. குடோனில் யாரோ ஒரே பேட்ச் கார்டின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிட்டுப் போக, லூப் ஆகி ஆபீஸில் பில் போடுவது வரைக்கும் மொத்தமும் நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் பிரித்தேன். ஒரு பகுதியில் கோளாறு வந்தால் அந்தப் பகுதியோடு நிற்க வேண்டும். அதோடு தையல் பகுதி ஆட்களின் போன் எல்லாம் மாடி வைஃபையில்தான் இருக்கிறது, ஷிப்ட் மாறும்போது ஆபீஸ் டிஎச்சிபியில் ஐபி தீர்ந்துபோகிற தொல்லையும் இருந்தது.

—

ஐந்தாம்_போர்ட்:

பிரித்தது நல்ல காரணத்துக்குத்தான், ஸ்விட்ச் லூப்பும் பிராட்காஸ்டும் ரூட்டரைத் தாண்டாது. அப்படியே வைத்துக்கொண்டு சரிசெய்யலாம். உங்களுக்கு மூன்று தனித்தனிச் சிக்கல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறது, அதனால்தான் குழப்பமாகத் தெரிகிறது.

முதலில் அந்தச் செல்லாத கேட்வே. ஒரு ரூட்டர் கைகாட்டி மரம் மாதிரி, அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்லும், கடைசி வரைக்கும் கூட வராது. எனவே கேட்வே என்று நீங்கள் கொடுக்கும் முகவரி அந்த ரூட்டரின் ஏதாவது ஒரு போர்ட்டோடு நேராக ஒட்டியிருக்கும் சப்நெட்டில் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த முகவரிக்கு ஏஆர்பி கேட்டு (இந்த ஐபி யாருடையது என்று விசாரித்து) மேக் அட்ரஸ் (சாதனத்தின் சொந்த எண்) வாங்கினால்தான் பாக்கெட்டை வெளியே தள்ள முடியும். ஆபீஸ் பெட்டிக்கு 192.168.2.3 என்பது கண்ணில் படாத முகவரி. குடோனுக்குப் போவதாக இருந்தாலும் ஆபீஸ் பெட்டிக்கு அடுத்த ஆள் மாடி ரூட்டர்தான். ஆகவே ஆபீஸ் பெட்டியில் 192.168.2.0, 192.168.3.0 இரண்டுக்குமே கேட்வே 192.168.1.2. மாடி ரூட்டரில் 192.168.3.0-க்கு கேட்வே 192.168.2.3, இன்டர்ஃபேஸ் லேன் (உங்கள் குடோன் கேபிள் அதன் லேன் பக்கம் இருப்பதால்). மாடிக்கு டீஃபால்ட் (தெரியாத முகவரிக்கெல்லாம் போகும் வழி) ஏற்கெனவே 192.168.1.1 என்று இருக்கும். குடோன் ரூட்டரில் தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம், அதன் டீஃபால்ட் 192.168.2.1 என்று இருந்தாலே போதும், அதற்கு எல்லா ஊரும் ஒரே வாசல் வழியாகத்தான்.

இரண்டாவது, 2.1 பதில் சொல்வதும் 2.40 சொல்லாததும். 192.168.2.1 என்பது மாடி ரூட்டரே. ஓபன்டபிள்யூஆர்டியில் வேன் ஸோனுக்கு இன்புட் மறுக்கப்பட்டிருந்தாலும் பிங்குக்கு மட்டும் அனுமதி தரும் ரூல் ஒன்று தொடக்கத்திலேயே இருக்கும், அதனால் ரூட்டருக்கு அடிக்கும் பிங்குக்குப் பதில் வந்துவிடுகிறது, எந்தப் பக்கத்து முகவரியாக இருந்தாலும். பிரின்டருக்குப் போவது இன்புட் (ரூட்டருக்கே வருவது) கிடையாது, ஃபார்வர்ட் (ரூட்டரைக் கடந்து போவது). வேனிலிருந்து லேனுக்கு ஃபார்வர்ட் மறுப்பு என்பதுதான் அங்கே தொடக்க அமைப்பு. உங்களுக்கு வந்த அந்தப் போர்ட் அன்ரீச்சபிள் செய்தியை அனுப்பியதே மாடி ரூட்டரின் ஃபயர்வால்தான். ரூட் தப்பாக இருந்தால் அந்த முகவரியிலிருந்து அந்தச் செய்தி வந்திருக்காது. அதைக் கவனித்து எழுதினீர்கள், பாதி வேலை அங்கேயே முடிந்தது.

மூன்றாவது நாட் (அனுப்புநர் முகவரியை ரூட்டர் மாற்றுவது). குடோனிலிருந்து ஆபீஸ் திறக்கிறதே, அது ரூட்டிங் சரியாக இருப்பதால் இல்லை. குடோன் ரூட்டர் வெளியே போகும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியை 192.168.2.3 என்று மாற்றுகிறது, மாடி ரூட்டர் அதை மறுபடியும் 192.168.1.2 என்று மாற்றுகிறது. டேலி கம்ப்யூட்டருக்கு யாரோ பக்கத்து நாற்காலி ஆள் கேட்கிற மாதிரித் தெரிந்து பதில் தருகிறது. திரும்பும் வழி யாருக்கும் தெரியாமலே வேலை நடக்கிறது. ரூட் போட்ட பிறகு இந்த நாட் தேவையில்லை, இருந்தால் டேலி லாகில் எல்லாரும் 192.168.1.2 என்றே தெரிவார்கள், எந்தக் கம்ப்யூட்டர் என்று பிடிக்க முடியாது.

செய்ய வேண்டிய வரிசை முக்கியம். முதலில் மூன்று ரூட்டையும் போடுங்கள். பிறகு மாடி, குடோன் இரண்டிலும் ஃபயர்வால் பக்கத்தில் வேன் ஸோனில் மாஸ்கரேடிங் (அதுதான் இந்த நாட்) டிக்கை எடுத்துவிட்டு, வேனிலிருந்து லேனுக்கு ஃபார்வர்ட் அனுமதியுங்கள். வரிசையை மாற்றி, ரூட் இல்லாமல் நாட்டை மட்டும் எடுத்தால் குடோனில் இன்டர்நெட் செத்துவிடும். வெளியே போன கோரிக்கைக்கு வரும் பதில் ஆபீஸ் பெட்டி வரைக்கும் வந்து, 192.168.3.0 எங்கே என்று தெரியாமல், டீஃபால்ட் வழியே மறுபடியும் இன்டர்நெட் பக்கம் போய் அங்கே தொலையும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இணைப்போடு வரும் பெட்டிகள் சிலவற்றில் தன் சொந்த லேனில் இருந்து வருவதற்கு மட்டும்தான் நாட் செய்யும்படி வைத்திருப்பார்கள், 192.168.3.50 என்று ஒன்று வந்தால் கண்டுகொள்ளாது. எனவே முதலில் குடோனில் மட்டும் நாட்டை எடுத்துப் பாருங்கள், நெட் ஓடினாலும் அது மாடி ரூட்டரின் நாட் வழியாக ஓடுவதாக இருக்கும். அடுத்து மாடியிலும் எடுத்துவிட்டு குடோனிலிருந்து 8.8.8.8-க்கு பிங் அடியுங்கள். அது போனால் ஆபீஸ் பெட்டி ஒத்துழைக்கிறது. போகாவிட்டால் மாடியில் மாஸ்கரேடிங்கைத் திரும்பப் போட்டு, போகும் முகவரி 192.168.0.0/16 (192.168 என்று தொடங்கும் எல்லாம்) ஆக இருந்தால் மட்டும் மாற்றாதே என்று விலக்கு கொடுத்துவிடலாம்.

192.168.1.2, 192.168.2.3 இரண்டும் டிஎச்சிபியில் வாங்கியதா, கையால் போட்டதா? வாங்கியதாக இருந்தால் கையால் போட்டு, டிஎச்சிபி தரும் வரம்புக்கு வெளியே வைத்துவிடுங்கள். கரன்ட் போய் வந்ததும் மாடி ரூட்டருக்கு 192.168.1.7 கிடைத்துவிட்டால் ஆபீஸ் பெட்டியில் இருக்கும் அத்தனை ரூட்டும் ஆளில்லாத வீட்டைக் காட்டும்.

—

ராத்திரி_ஷிப்ட்:

ஆபீஸ் பெட்டியில் இரண்டு வரி போடுவதற்குப் பதில் ஒரே வரியாக 192.168.0.0 மாஸ்க் 255.255.0.0 கேட்வே 192.168.1.2 என்று போட்டால் என்ன? நாளைக்கு நாலாவது ரூட்டர் வந்தாலும் தொட வேண்டாமே. 192.168.1.0 நேராக ஒட்டியிருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, நீளமான (குறுகலான வரம்புள்ள) மாஸ்க்தான் ஜெயிக்கும்.

—

ஐந்தாம்_போர்ட்:

நீளமான மாஸ்க் ஜெயிக்கும் என்பது உண்மை. ஆனால் அகலமாகப் போட்டால் இல்லாத சப்நெட்டுக்கும் வழி இருக்கிற மாதிரி ஆகிவிடும். யாராவது 192.168.9.9 என்று தட்டினால் ஆபீஸ் பெட்டி அதை மாடிக்கு அனுப்பும், மாடி ரூட்டருக்கு அது தெரியாது, டீஃபால்ட் படி ஆபீஸ் பெட்டிக்கே திருப்பும், அது மறுபடி மாடிக்கு. டிடிஎல் (ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் எண்) பூஜ்ஜியம் ஆகும் வரை இந்த இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 128-இல் ஆரம்பிப்பதால் ஒரு பாக்கெட் அந்தக் கேபிளை நூறு தடவைக்கு மேல் கடக்கும். பழைய பிரின்டர் முகவரியை விடாமல் தேடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே போதும், மாடிக் கேபிள் காரணமில்லாமல் நெரிசலாகும். ட்ரேஸ்ரூட்டில் (வழியில் வரும் ரூட்டர்களைக் காட்டும் சோதனை) 192.168.1.1, 192.168.1.2, 192.168.1.1, 192.168.1.2 என்று மாறி மாறி வந்தால் அது இதுதான்.

சுருக்கிப் போட வேண்டுமானால் 192.168.2.0 மாஸ்க் 255.255.254.0 என்று போடலாம், அது சரியாக 2-ஐயும் 3-ஐயும் மட்டும் மூடும். அகலமாகத்தான் போடுவேன் என்றால் மாடி ரூட்டரில் 192.168.0.0/16-க்கு பிளாக்ஹோல் ரூட் ஒன்று சேர்த்துவிடுங்கள், தெரியாத சப்நெட் அங்கேயே விழுந்துவிடும். 192.168.1, 2, 3 மூன்றுக்கும் அங்கே நீளமான மாஸ்க் இருப்பதால் அவற்றைப் பாதிக்காது.

—

பட்டறை_திருப்பூர்:

ரொம்ப நன்றி அண்ணா. சொன்ன வரிசைப்படியே செய்தேன். வேன் ஐபிகளைக் கையால் போட்டேன், ஆபீஸ் பெட்டியில் 255.255.254.0 ஒரே வரி, மாடியில் 3.0-க்கு ஒரு வரி. நாட் இரண்டிலும் எடுத்தாகிவிட்டது, குடோனிலிருந்து 8.8.8.8 போகிறது, டேலி லாகில் குடோன் கம்ப்யூட்டர் தன் சொந்த முகவரியில் தெரிகிறது. ஆபீஸிலிருந்து பார்கோடு பிரின்டருக்கு பிங் வருகிறது.

டிவிஆர் மட்டும் இன்னும் மசியவில்லை. ட்ரேஸ்ரூட் 192.168.1.1, 192.168.1.2, 192.168.2.3 மூன்றையும் காட்டிவிட்டு அப்புறம் வெறும் நட்சத்திரம்தான். குடோன் கம்ப்யூட்டருக்கும் (192.168.3.20) ஆபீஸிலிருந்து பிங் போகவில்லை. ஆனால் குடோன் ரூட்டருக்குள் போய் அங்கிருந்து டிவிஆருக்கு அடித்தால் உடனே பதில்.

—

பழைய_அட்மின்:

தம்பி, மூன்று ரூட்டரும் தெரிகிறது என்றால் போகும் வழியில் குறை இல்லை. கடைசி ரூட்டரில் இருந்து அடித்தால் பதில், தூரத்தில் இருந்து அடித்தால் மௌனம் என்றால் அந்தச் சாதனத்துக்குத் திரும்பும் வழி தெரியவில்லை என்று அர்த்தம். டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து கேட்வே கட்டத்தைப் பாருங்கள். கேமரா மாட்ட வருபவர்கள் ஐபியை மட்டும் மாற்றிவிட்டு கேட்வேயைப் பழையபடி 192.168.1.1 என்றோ வெறுமையாகவோ விட்டுவிடுவது வழக்கம். ஒரே சப்நெட்டுக்குள் பார்க்கிற வரைக்கும் அது யாருக்கும் தெரியாது, கேட்வேயே தேவைப்படாது. வேறு சப்நெட்டிலிருந்து கேள்வி வரும்போதுதான் பதிலை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாமல் போகும். ஸ்டாட்டிக் ரூட் போடும் எல்லாரும் ரூட்டரையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். கடைசியில் இருக்கும் கேமரா, பிரின்டர், விரல்ரேகை மெஷின் இவற்றின் கேட்வேயை யாரும் பார்ப்பதில்லை.

குடோன் கம்ப்யூட்டர் வேறு கதை. விண்டோஸ் ஃபயர்வாலில் ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் பெயரில் இருக்கும் எக்கோ ரிக்வெஸ்ட் (பிங்) ரூல் பிரைவேட் நெட்வொர்க்கில் லோக்கல் சப்நெட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். உங்கள் ஆபீஸ் இப்போது அதற்கு வெளியூர். அந்த ரூலின் ஸ்கோப்பில் 192.168.1.0/24-ஐச் சேர்த்துவிடுங்கள். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடாதீர்கள், பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

அப்புறம் ஒன்று, ரூட்டிங் போட்டுவிட்டதால் தையல் பகுதி வைஃபையில் இருக்கும் போன்கள் டேலி கம்ப்யூட்டரையும் டிவிஆரையும் தொட முடியும். சப்நெட் பிரித்தது மட்டும் பாதுகாப்பு ஆகாது. எந்த முகவரியிலிருந்து எங்கே போகலாம் என்று மாடி ரூட்டரில் ரூல் எழுதுங்கள், இல்லாவிட்டால் போன்களுக்குத் தனியாக கெஸ்ட் வைஃபை கொடுத்து இன்டர்நெட் மட்டும் திறந்துவிடுங்கள்.

—

பட்டறை_திருப்பூர்:

டிவிஆரில் கேட்வே 192.168.1.1 என்றே இருந்தது. 192.168.3.1 ஆக்கியதும் பிங் வந்துவிட்டது. குடோன் கம்ப்யூட்டரும் பதில் சொல்கிறது.

ஆனால் இப்போது புதிதாக ஒன்று. ஆபீஸில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றில் டிவிஆரின் வெப் பக்கம் நன்றாகத் திறக்கிறது. இன்னொன்றில் பிங் ஒன்றுகூடத் தவறாமல் போகிறது, பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் டைம் அவுட். இரண்டும் ஒரே ஸ்விட்ச், ஒரே செட்டிங்.

—

ஐந்தாம்_போர்ட்:

இதை எதிர்பார்த்தேன். போகும் வழியும் திரும்பும் வழியும் உங்கள் அமைப்பில் ஒன்றில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் குடோனுக்கு அனுப்புவது முதலில் 192.168.1.1-க்குப் போய், அது மாடிக்குத் திருப்பிவிடுகிறது. குடோனிலிருந்து வரும் பதில் மாடி ரூட்டருக்கு வந்ததும், ஆபீஸ் கம்ப்யூட்டர் இருக்கும் 192.168.1.0 தன் வேன் போர்ட்டிலேயே ஒட்டியிருப்பதால், நேராகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுகிறது. ஆபீஸ் பெட்டியைத் தொடுவதே இல்லை.

பிங்குக்கு இது பெரிய விஷயமில்லை. டிசிபிக்கு (வெப் பக்கம் ஓடும் முறை) விஷயம், அது சின், சின்-ஆக், ஆக் என்று மூன்று செய்தியில் தொடர்பைத் தொடங்கும். ஆபீஸ் பெட்டியின் ஃபயர்வால் சின் போனதைப் பார்க்கிறது, சின்-ஆக் திரும்பியதைப் பார்க்கவில்லை, அதற்குள் மூன்றாவதாக ஒரு ஆக் வருகிறது. கணக்கில் வராத பாக்கெட் என்று அதைக் கீழே போட்டுவிடுகிறது. கனெக்‌ஷன் அரைகுறையாக நிற்கும், பிரௌசர் சுற்றும்.

அப்படியானால் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் எப்படி ஓடுகிறது என்றால், வந்த போர்ட்டிலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்போது ரூட்டர் ஐசிஎம்பி ரீடைரக்ட் அனுப்பும், "இதற்கு நீ நேரே 192.168.1.2-இடம் போ" என்று. அதைக் கேட்டுக்கொண்ட கம்ப்யூட்டர் நேராகப் போகிறது, கேட்காதது மாட்டிக்கொள்கிறது. அதை நம்பி விடக்கூடாது, ரீஸ்டார்ட் செய்தால் மறந்துவிடும்.

உடனடி வழி, ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து

ரூட் -பி ஆட் 192.168.2.0 மாஸ்க் 255.255.254.0 192.168.1.2

என்று ஒரே வரி (ஆங்கில எழுத்தில்). அந்த -பி இருந்தால்தான் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிற்கும். கம்ப்யூட்டர் நிறைய என்றால் டிஎச்சிபி ஆப்ஷன் 121 வழியாக எல்லாருக்கும் இந்த ரூட்டைக் கொடுக்கலாம், ஆனால் இணைப்போடு வரும் பெட்டிகளில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அந்த ஆப்ஷனைக் கொடுத்தால் டீஃபால்ட் ரூட்டையும் அதற்குள்ளேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் 121-ஐ வாங்கிக்கொண்ட சாதனம் வழக்கமான கேட்வே ஆப்ஷனைக் கண்டுகொள்ளக் கூடாது என்பதுதான் விதி.

நிரந்தர வழி, மாடி ரூட்டரை ஆபீஸ் ஆட்களோடு ஒரே சப்நெட்டில் வைக்காமல் ரூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவே தனிச் சப்நெட் கொடுப்பது. 10.0.0.0/30 போதும், அதில் பயன்படுத்தக்கூடியது இரண்டே முகவரி, ஆபீஸ் பக்கம் 10.0.0.1, மாடிப் பக்கம் 10.0.0.2. அப்போது போவதும் வருவதும் ஆபீஸ் ரூட்டர் வழியாகவே நடக்கும், இந்தத் தொல்லை அடியோடு இராது. ஆனால் ஆபீஸ் ரூட்டர் தன் போர்ட் ஒன்றைத் தனியாகப் பிரித்துத் தரக்கூடியதாக இருக்க வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டி, மைக்ரோட்டிக் (ஒரு ரூட்டர் பிராண்ட்) இரண்டிலும் முடியும்.

—

பட்டறை_திருப்பூர்:

ரூட் -பி வரியை இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டதும் டிவிஆர் பக்கம் இரண்டிலும் உடனே திறந்துவிட்டது, ரீஸ்டார்ட் செய்தும் பார்த்துவிட்டேன். ஆபீஸ் பெட்டியில் போர்ட் பிரிக்கும் வசதியும் இல்லை 121-உம் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு மைக்ரோட்டிக் வைத்து 10.0.0.0/30 முறைக்கு மாறுவதாக இருக்கிறேன். அடுத்த தெருவில் இன்னொரு குடோன் எடுக்கப்போகிறோம், அப்போது ஓஎஸ்பிஎஃப்-க்கு (ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைத் தாமே அறியும் முறை) போக வேண்டியிருக்குமா?

—

பழைய_அட்மின்:

நான்கு ரூட்டர் ஒரே வரிசையாக இருக்கும் வரைக்கும் ஸ்டாட்டிக் போதும். ஒரே இடத்துக்கு இரண்டு வழி வந்து, ஒன்று அறுந்தால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தேவை வரும்போதுதான் ஓஎஸ்பிஎஃப் உதவும். இரண்டு வழி இல்லாத இடத்தில் அது கற்றுத்தருவதற்கு ஒன்றும் இல்லை. புதுக் குடோனுக்கு 192.168.4.0 கொடுத்தால் உங்கள் 255.255.254.0 அதை மூடாது, ஆபீஸ் பக்கம் ரூட்டரிலும் கம்ப்யூட்டர்களிலும் தனி வரி சேர்க்க வேண்டும். நடுவில் இருக்கும் ரூட்டரிலும் மறக்காதீர்கள்.

—

கேபிள்_கோவை:

ஒன்று மட்டும் சேர்த்துவிடுகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிரின்டர் சேர்க்கும்போது தானாகப் பட்டியலில் வரவில்லை என்று தேடாதீர்கள். அந்தத் தேடல் பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் வழியாக நடப்பது, ரூட்டரைத் தாண்டாது. டிசிபி/ஐபி பிரின்டர் என்று தேர்ந்தெடுத்து 192.168.2.40-ஐக் கையால் கொடுங்கள். பார்கோடு பிரின்டரின் கேட்வே 192.168.2.1 என்று இருக்கட்டும், முகவரியையும் அதிலேயே கையால் போட்டுவிடுங்கள்.